இரண்டாம் சாட்சி

காந்த அறைக்குள் விடுவதற்கு முன்
ஓத்தகார் என்னைத் தடவிப் பார்க்கிறான்:
பெல்ட், சாவி, கொண்டையில் மறந்துபோன ஊசி.
நான் செய்துவந்த பதினாறு ஆன்டெனாக்களையும்
நூலில் கட்டி வாசலில் தொங்கவிடுகிறான்.
பதினைந்து சும்மா நின்றன.
ஒன்று மட்டும்
எஜமானின் காலடி கேட்ட நாயைப்போல
உள்ளே திரும்பியது.
தங்க முலாமுக்கு அடியில் யாரோ
நிக்கல் பூசியிருக்கிறார்கள்.
விலைப்பட்டியலில் அதைப்பற்றி ஒரு சொல் இல்லை.

இரண்டு மாதம் போயிற்று,
அந்த ஒன்றை மாற்ற.

மார்ச்சில் போஹுமிலா வந்தாள்.
ஐந்தாம் தடத்தில் ஷலினா ஓட்டுபவள்.
ப்ர்னோவில் டிராமை அப்படித்தான் சொல்வோம்,
ப்ராகாக்காரர்கள் சிரித்தாலும்.
படிவத்தில் நுண்ணலை என்று படித்தவள்
"சூப் சூடாக்குவதா?" என்றாள்.
உங்கள் கைப்பையில் இருக்கும் போன்
இதைவிட உரக்கப் பேசும் என்றேன்.

குப்புறப் படுத்தாள்.
படுக்கையின் துளைவழியே இடது மார்பு
கிளிசரின் தொட்டிக்குள் இறங்கியது.
அந்தக் கிளிசரினை வெதுவெதுப்பாக்கும் செலவுக்கு
குழுவிடம் மூன்று வாரம் மன்றாடியவள் ஸ்டிஸ்லாவா.
"அது அறிவியல் தேவை அல்ல" என்று
கோப்பில் எழுதியிருந்தார்கள்.

காந்தம் இடிக்கத் தொடங்கியது,
மேல்மாடியில் யாரோ சுவரைத் துளைப்பதுபோல.
உடம்பின் நீரையெல்லாம் ஒரு பக்கம் திருப்பிவிட்டு,
அது தன் இடத்துக்குத் திரும்பும் முணுமுணுப்பைக் கேட்டு,
மயிரிழை பிசகாமல் வரைந்தது:
இது கொழுப்பு. இது சுரப்பி.
இது ஒரு திட்டு.
என்ன திட்டு என்று கேட்டால்
சில வேளை பதில் இருக்கும்,
பல வேளை மௌனம்தான்.

நுண்ணலை வேறு ஜாதகம்.
ஓர் ஆன்டெனா பேச, மற்றவை கேட்கும்;
பிறகு அடுத்ததன் முறை.
அலை வளைந்து, சிதறி,
வழிநெடுகத் தன்னைத் தொலைத்து, வந்து சேரும்.
எங்கே பார்த்தாய் என்றால் உளறும்.
எதைப் பார்த்தாய் என்றால்
எவ்வளவு ஈரம், எவ்வளவு உப்பு என்று
திக்காமல் சொல்லும்.

ஆகவே ஒருவன் வரைந்த வரைபடத்தை
மற்றவன் கையில் கொடுத்தோம்.
கணினி ஒரு மணி நேரம் முனகியது.
திரையில் சேறு தெளிந்து
திட்டு சிவப்பாக நின்றது.
ஓத்தகார் கைதட்டினான். நானும்.

ஸ்டிஸ்லாவா தட்டவில்லை.
"சாட்சிக்கு நாமே சொல்லிக்கொடுத்துவிட்டு
ஒத்துப்போகிறது என்று கொண்டாடுகிறோமா?"

கண்டதும் பொய்யாகலாம், கேட்டதும் பொய்யாகலாம்;
அவள் விசாரிக்க உட்கார்ந்தாள்.
வரைபடத்தில், வெறும் கொழுப்பின் நடுவே
இல்லாத ஒரு திட்டை வரைந்தாள்.
எனக்கே நம்பும்படி இருந்தது.
ஓடவிட்டோம்.
காபி இயந்திரம் பத்து மணிக்கே அணைந்துவிட்டது.

பொய்த் திட்டு மஞ்சளாகவே இருந்தது,
சுற்றியுள்ள கொழுப்பைப்போல.
மற்றது சிவப்பு.
பிறகு வரைபடத்தையே பிடுங்கிக்கொண்டு
தனியாகச் சொல் என்றாள்.
கட்டைவிரலை ஈரத்தோடு வைத்து எடுத்ததுபோல
ஒரு கறை மட்டும் வந்தது,
அரை சென்டிமீட்டர் தள்ளி.

இந்த முறை யாரும் கைதட்டவில்லை.
இதுவரை அது ஒரு படமாக இருந்தது.

தாளின் தலையில் முத்திரை:
ஆய்வுக்கு மட்டும்.
மருத்துவர் காந்தப்படத்தைப் பார்த்து
ஊசிக்கு வியாழக்கிழமை குறித்திருக்கிறார்.
எங்கள் சிவப்பைச் சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை.
சொன்னாலும் அது ஒரே ஒரு மார்பு,
ஒரே ஓர் இரவு.

செவ்வாய் காலை ஐந்தாம் தடத்தில் ஏறினேன்.
அவள்தான்.
என்னை அடையாளம் தெரியவில்லை,
அல்லது தெரிந்து
கேட்க வேண்டாம் என்று இருந்தாள்.
நிறுத்தத்தில் ஒரு தள்ளுவண்டி இறங்கியது.
பக்கக் கண்ணாடியில் பார்த்தாள்.
பிறகும்
தலையை வெளியே நீட்டி ஒருமுறை பார்த்தாள்.
கதவை மூடினாள்.